வெயில் விழுற வீடு

சுகந்தினி: மிர்திஃப் பக்கம் வீடு வேண்டாமப்பா. பிளேன் தலைக்கு மேலால போகுமாம்.

ஜனார்த்தன்: ஆர் சொன்னது?

சுகந்தினி: உஷாக்கா. துபாயில அஞ்சு வருசம் இருந்திட்டுத்தானே ஆக்லாண்டுக்கு வந்தவ.

ஜனார்த்தன்: உஷாக்கா இருந்த காலத்தில... சரி விடும். லிஸ்டில இருந்து வெட்டிவிடுறன். அப்ப கராமா?

சுகந்தினி: கராமா எப்பிடி, எங்கட ஒனிஹங்கா மாதிரியோ?

ஜனார்த்தன்: ஒவ்வொரு இடத்தையும் இஞ்சத்தை இடத்தோட ஒட்டிப் பாக்கிறீர். போன கிழமை ஒண்டு பக்குரங்கா மாதிரி எண்டீர்.

சுகந்தினி: வேற எதோட ஒட்ட? நான் கண்டது இதுதானே. சொல்லுங்கோ.

ஜனார்த்தன்: கீழ சாப்பாட்டுக்கடை, மேல வீடு. எங்கட ஆக்கள் நிறைய. கார் விடத்தான் இடமில்லை.

சுகந்தினி: ராகவிக்குப் படிக்கச் சத்தமா இருக்கும்.

ஜனார்த்தன்: ம்... ஓம். இருக்கும்.

சுகந்தினி: அதையும் வெட்டுங்கோ.

ஜனார்த்தன்: இப்பிடி வெட்டிக்கொண்டு போனா, மிஞ்சிறது மணல்தான். நாளைக்கு ஒரு இடத்தின்ர பேர் குடுக்க வேணும். கம்பனிக்காரர் ரெண்டு தரம் கேட்டிட்டினம். அடுத்த மாசம் பதினைஞ்சாம் திகதி நான் அங்க வேலையில நிக்க வேணும்.

சுகந்தினி: நீங்களோ, நாங்களோ?

ஜனார்த்தன்: வேலைக்கு நான்தானே போறது.

சுகந்தினி: ம்... பொறுங்கோ, மழை தூறுது. உடுப்பை எடுத்துக்கொண்டு வாறன்.

ஜனார்த்தன்: காய்ஞ்சிட்டுதோ?

சுகந்தினி: எங்க காயுறது, மூண்டு நாளாக் கிடக்கு. மணக்கத் தொடங்கிட்டுது... இஞ்ச பாருங்கோ, நானும் ஒரு வீடு பாத்து வைச்சிருக்கிறன். மூண்டு அறை. ஹோலும் பல்கனியும் வடக்குப் பாத்தபடி. விடிஞ்சதில இருந்து பொழுதுபடுமட்டும் வெயில் விழும்.

ஜனார்த்தன்: வடக்கால வெயில் வாறது இஞ்ச, நியூசிலாந்தில. அங்க சூரியன் தெற்கால போகும்.

சுகந்தினி: அட, ஓமெல்லே... அப்ப தெற்குப் பாத்த வீடா எடுப்பம்.

ஜனார்த்தன்: சுகந்தி.

சுகந்தினி: என்ன?

ஜனார்த்தன்: அது பாலைவனம். வெயில் விழுற வீட்டை அங்க ஆரும் தேடுவினமே? விழாத வீட்டுக்குத்தான் ஆக்கள் அடிபடுவினம். யாழ்ப்பாணத்தில பிறந்தனீர். வெயிலை மறந்திட்டீரோ?

சுகந்தினி: பதினெட்டு வருசமா யன்னல்ல பூஞ்சணம் துடைக்கிறன். மறக்காதே?

ஜனார்த்தன்: பகிடி இல்லை. நாலு கிழமையா வீடு பாக்கிறம். வெக்கையைப் பற்றி ஒருக்காவும் கேக்கேல்லை நீர். ஏசி இருக்கோ, நிழல் இருக்கோ... ஒண்டும் இல்லை. அங்க போய் இருக்கப்போற ஆள் இப்பிடி வீடு பாக்காது.

சுகந்தினி: அப்பிடியோ? நீங்கள் ஒண்டு சேவ் பண்ணி வைச்சிருக்கிறீங்களே, அதைக் காட்டுங்கோ.

ஜனார்த்தன்: எது?

சுகந்தினி: மெட்ரோ ஸ்டேஷனுக்குப் பக்கத்தில. போன ஞாயிறு நான் தேத்தண்ணி கொண்டு வரேக்க லப்டொப்பில டக்கெண்டு மூடினீங்களே, அது.

ஜனார்த்தன்: அது சும்மா பாத்தது.

சுகந்தினி: பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம்?

ஜனார்த்தன்: பாக்கேல்லை.

சுகந்தினி: என்னப்பா இது. ராகவிக்கு நல்ல பள்ளிக்கூடத்தின்ர ஸோனுக்குள்ள, அந்த எல்லைக்குள்ள இருக்க வேணுமெண்டு, இந்த பிளாட் புஷ்ஸில தெருத்தெருவா நடந்து வீடு தேடின ஆள் நீங்கள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஸோன் இல்லையெண்டு எவ்வளவு நல்ல வீட்டை விட்டனீங்கள்... அதில எத்தினை அறை?

ஜனார்த்தன்: ஒண்டு. கட்டிலும் குசினியும் ஒண்டாத்தான் கிடக்கும்.

சுகந்தினி: ம்.

ஜனார்த்தன்: கம்பனியில இருந்து ஒரு ஃபோம் வந்தது. குடும்பமா வாறீரோ, தனிய வாறீரோ எண்டு. தனிய எண்டு போட்டிட்டன்.

சுகந்தினி: எப்ப?

ஜனார்த்தன்: மூண்டு கிழமை இருக்கும்... உம்மட்டக் கேட்டா நீர் வரேல்லை எண்டு சொல்லிப்போடுவீர். அதைக் காதால கேக்கப் பயமாக் கிடந்தது.

சுகந்தினி: சரி.

ஜனார்த்தன்: சரியோ? ஏசுவீர் எண்டு நினைச்சன்.

சுகந்தினி: எந்த வாயால ஏச? இந்த வீட்டை இன்னும் ரெண்டு வருசத்துக்கு வாடகைக்கு எழுதிக் கையெழுத்து வைச்சிட்டன். எனக்கும் ராகவிக்கும் மட்டும்.

ஜனார்த்தன்: எப்ப?

சுகந்தினி: உங்களுக்கு முதலே. நாங்கள் துபாயில வீடு பாக்கத் தொடங்க முதல்.

ஜனார்த்தன்: ராகவிக்குத் தெரியுமோ?

சுகந்தினி: தெரியும். நான்தான் அப்பாவுக்குச் சொல்லாதை எண்டனான்.

ஜனார்த்தன்: அப்ப என்னத்துக்கு... ஒரு இடம் விடாம... மிர்திஃப் வேண்டாம், கராமா வேண்டாம் எண்டு நாலு ஞாயிறு என்னோட இருந்து...

சுகந்தினி: ராகவியை டான்ஸ் வகுப்பில விட்டிட்டு வந்து, இந்த ரெண்டு மணித்தியாலம் நீங்கள் பக்கத்தில இருந்து என்னோட கதைச்சனீங்கள். எத்தினை வருசத்துக்குப் பிறகு... அதை விட எனக்கு மனம் வரேல்லை. அவளை நாலு மணிக்குத்தானே ஏத்த வேணும். மற்ற வீட்டைக் காட்டுங்கோ.