ஒன்றாம் நம்பர் பிள்ளையை நான் பார்த்தது

என் பெயரும் வீட்டு முகவரியும் முதல் தாளில் எழுதப்பட்டுள்ளன. வயது முப்பத்தெட்டு. ஐந்தாவது வரை படித்தேன். ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் சலவைக்கூடத்தில், விரிப்புகளை இஸ்திரி போடும் பெரிய மெஷினில் பதினோரு வருடமாக வேலை செய்கிறேன். என் வீட்டுக்காரர் இறந்து எட்டு மாதம் ஆகிறது. ஒரே மகள், வயது பதினொன்று, பெண்பிள்ளைகள் கால்பந்து அணியில் ஆடுகிறாள். புகார் கொடுத்திருப்பவர் எங்கள் சலவைக்கூடத்துச் சூப்பர்வைசர். அவர் மகள் அதே அணியில் கோல் காக்கும் பிள்ளை, ஒன்றாம் நம்பர் சட்டை, சின்ன உருவம் என்பதால் குருவி என்று கூப்பிடுவோம். பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்கும் கோச் மிஸ் மேல்தான் புகார். தோற்கிற கோபத்தில் அவர் குருவியின் கையைப் பிடித்து இழுத்து மணிக்கட்டை முறித்துவிட்டார் என்று புகாரில் இருக்கிறது.

முன்பெல்லாம் மகளை ஆட்டத்துக்கு அழைத்துப்போவது என் வீட்டுக்காரர். அவர் மைதானத்தில் கத்துவார் என்று எனக்குத் தெரியும். தோற்ற நாளில் அவர் இருபது அடி முன்னால் வருவார், மகள் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருவாள், நான் ஜன்னலில் பார்ப்பேன், பிறகு அடுப்பைக் கவனிக்கப் போய்விடுவேன். அவர் போன பிறகு நான் கூடப் போக ஆரம்பித்தேன். அவருடைய மடக்கு நாற்காலியையும் எடுத்துக்கொண்டு போவேன். அதை விரித்து வைத்துவிட்டுப் பக்கத்தில் நிற்பேன்.

சம்பவம் நடந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆட்டம், பக்கத்துக்கு ஏழு பிள்ளைகள். அதற்கு முன் கோச் மிஸ் பெற்றவர்கள் எல்லோரையும் கயிற்றுக்குப் பின்னால் நிற்க வைத்து, ஒரு டப்பாவில் நம்பர் எழுதிய சீட்டுகளைப் போட்டு ஆளுக்கு ஒன்று எடுக்கச் சொன்னார். வந்த நம்பர் பிள்ளையை மட்டும்தான் பார்க்க வேண்டும், தன் பிள்ளையைப் பார்க்கக் கூடாது, கத்தக் கூடாது, ஆட்டம் முடிந்ததும் அந்தப் பிள்ளையிடம் அது நன்றாகச் செய்த ஒன்றைச் சொல்ல வேண்டும் என்றார்.

ஆட்டோ ஓட்டும் ஒரு தகப்பன், "எம் பிள்ளைய நான் பாக்காம ஊரான் பிள்ளைய நான் பாக்கணுமாம், நல்லா இருக்கே கதை" என்றார். அதற்கு பேக்கரிக்கார அம்மா, "நீங்க பாக்குற பார்வையிலதானே அது பந்தப் பாக்க மாட்டேங்குது, பேசாம சீட்ட எடுங்கண்ணே" என்றார். எல்லோரும் சிரித்தோம். சூப்பர்வைசர் சீட்டு எடுக்கவில்லை. "எம் பொண்ணப் பாத்துக்க எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, கோலுக்குப் பின்னால் இருந்த மரத்தடிக்குப் போய்விட்டார். எனக்கு ஒன்றாம் நம்பர் வந்தது.

எனக்கு ஆட்டம் தெரியாது. பந்து எந்தப் பக்கம் போகிறதோ எல்லோரும் அந்தப் பக்கம் திரும்புவார்கள் என்பதுகூடத் தெரியாது. ஒரு பிள்ளையைப் பார் என்றால் கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் மெஷினில் விரிப்பின் மூலையிலிருந்து கண்ணை எடுத்தால் விரலை உள்ளே இழுத்துவிடும். அந்தப் பழக்கத்தில் குருவியை மட்டுமே பார்த்தேன்.

எங்கள் அணி மூன்று கோல் வாங்கிய பிறகு பந்து எதிர்க் கோல் பக்கம் போய்விட்டது. எல்லோரும் அங்கே பார்த்தார்கள். அப்போது சூப்பர்வைசர் மரத்தடியிலிருந்து வந்து, "எத்தனை தடவ சொல்றது, முன்னால போய் நில்லு" என்று சொல்லி, குருவியின் கையை முழங்கைக்கு மேலே பிடித்து வெடுக்கென்று இழுத்து முன்னால் தள்ளினார். அது கோலின் இரும்புக் கம்பத்தில் மோதிக் கையை அடியில் போட்டு விழுந்தது. சத்தம் போடவில்லை. அவர் மறுபடி மரத்தடிக்குப் போய்விட்டார்.

அதன் பிறகு எதிரணியில் சிவப்புச் சட்டை, ரெட்டைப் பின்னல் போட்ட ஒரு பிள்ளை பந்தைத் தள்ளிக்கொண்டு தனியாக ஓடி வந்தது. கோலில் ஆள் இல்லை. விரலால் தட்டினாலும் உள்ளே போகும். அவர்கள் பக்கத்துப் பெரியவர்கள், "அடி, அடி" என்று கத்தினார்கள். அந்தப் பிள்ளை கீழே கிடந்த குருவியைப் பார்த்தது, பந்தின் மேல் காலை வைத்து நிறுத்தியது, பிறகு குனிந்து பந்தைக் கையில் எடுத்துக்கொண்டது. கையால் எடுத்தால் தப்பு என்று எனக்கே தெரியும்.

அதன் பிறகு கோச் மிஸ் ஓடி வந்து, கழுத்துத் துண்டை எடுத்துக் குருவியின் கைக்குக் கீழே கொடுத்து அசையாமல் பிடித்துக்கொண்டு, ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொன்னார். மற்றவர்கள் பார்த்தது இதைத்தான்.

சூப்பர்வைசர் அப்போதுதான் ஓடி வருகிறவர் போல, "எம் பொண்ண விடுங்க" என்று சொல்லிக்கொண்டு வந்தார். அவர் கிட்டே வந்ததும் குருவி காலைச் சுருக்கிக்கொண்டு கோச் மிஸ் மடிக்குள் முகத்தைத் திருப்பியது. அவர் தள்ளியதை எந்தப் பிள்ளையும் பார்க்கவில்லை. ஆனால் இதைப் பார்த்தார்கள். முதலில் ரெட்டைப் பின்னல் பிள்ளை பந்தைக் கையில் வைத்தபடியே குருவிக்கு முன்னால் வந்து நின்றது. அதன் பிறகு என் மகள். அதன் பிறகு எங்கள் மஞ்சள் சட்டை, அவர்கள் சிவப்புச் சட்டை எல்லாம் கலந்து வட்டமாக, குருவிக்கு முதுகையும் எங்களுக்கு முகத்தையும் காட்டிக் கை கோத்து நின்றார்கள். சிவப்பு அணியின் கோல் காக்கும் பிள்ளை மைதானம் முழுக்க ஓடி வந்து கடைசியாகச் சேர்ந்துகொண்டது. பதின்மூன்று பிள்ளைகள். யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. என் தோள் உயரம்கூட இல்லாததெல்லாம் அதில் நின்றது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கோவிலிலும் எனக்கு அப்படி ஆனதில்லை.

"வழி விடுங்கடி" என்றார் சூப்பர்வைசர். என் மகள், "ஆம்புலன்ஸ் வரட்டும் அங்கிள்" என்றாள். கோத்த கையை விடவில்லை. எங்கள் கூடத்தில் அவர் நடந்து வந்தாலே நாற்பது பேர் தலையைக் குனிந்துகொள்வோம். அவர் அங்கேயே நின்றுவிட்டார். ஆம்புலன்ஸ் வரும் வரை யாரும் நகரவில்லை.

அன்றைக்கே வந்த போலீஸ்காரர் என்னைக் கேட்டபோது, "பந்தத்தான் பாத்துக்கிட்டிருந்தேன் சார்" என்று சொன்னேன். மறுநாள் மெஷின் பக்கத்தில் வந்து சூப்பர்வைசர், "நீ பாத்தது பந்துதானேம்மா? அடுத்த மாச ஷிப்ட் இன்னும் போடல, பாத்து போடுறேன்" என்றார். நான் தலையாட்டினேன். கோச் மிஸ்ஸை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். குருவி யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

நேற்றுச் சாப்பிடும்போது மகள், "உங்களுக்கு ஒண்ணாம் நம்பர்தானே வந்துச்சும்மா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அப்ப பாத்திருப்பீங்க" என்றாள். வேறு எதுவும் கேட்காமல் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுக்கப் போனாள்.

இன்று காலை யாரும் கூப்பிடாமல் நானாக ஸ்டேஷனுக்கு வந்தேன். நாளை ஆறு மணிக்கு எனக்கு அவர் கீழேதான் வேலை. போவேன்.

இதில் உள்ளதை எழுத்தர் எனக்குப் படித்துக் காட்டினார், என் மகளும் பக்கத்தில் நின்று கேட்டாள். ஒன்றும் கூட்டவில்லை, ஒன்றும் மறைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் சொன்னதுதான் பொய்.

(கையொப்பம்)