நடித்தது யார், நம்பியது யார்?

அவைக்கு அழகாய் அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே! ஆண்டுகளால் அல்ல, அன்பால் உயர்ந்து நிற்கும் பெரியோர்களே! அடுப்படியையும் அலுவலகத்தையும் ஒருசேர ஆண்டுவிட்டு இங்கே ஓடி வந்திருக்கும் தாய்மார்களே! கைப்பேசியைக் கீழே வைக்க மனமில்லாத இளைஞர்களே! நெஞ்சம் நிறைந்த வணக்கம்.

'எந்திரத்தை நம்பலாமா?' இது எனக்குத் தந்த தலைப்பு. வாதாட வரவில்லை நான். வியந்ததைச் சொல்ல வந்தேன்.

விபத்தில் அடிபட்டவர்களுக்கு வீடு தேடிப் போய் நடை பழக்குவது என் தொழில். அப்படிப் போன ஒரு வீட்டில் ஓர் அம்மா. பேருந்து நடத்துநராக இருந்தவர், தெருவுக்கே 'விசிலம்மா'. கார் கவிழ்ந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. உடன் வந்த அக்காவோ உயிரோடு இல்லை. சொன்னால் தாங்குவாரா? மகள் மறைத்தாள். மறைத்ததோடு நின்றாளா? பெரியம்மாவின் பழைய குரல் பதிவுகளை ஒரு செயற்கை நுண்ணறிவுச் செயலிக்குள் ஏற்றினாள். "பெரியம்மா வேற ஆஸ்பத்திரில இருக்காங்க" என்றாள். மாலைதோறும் கைப்பேசியில் அக்கா பேசினார்! அதே குரல், அதே இழுவை, அதே "ஏண்டி, மாத்திரை போட்டியா?" கேட்ட எனக்கு மெய் சிலிர்த்தது.

ஒரு மாலை, என் தோளைப் பிடித்து முதன்முதலாக எழுந்து நின்ற விசிலம்மா, கைப்பேசியைப் பார்த்துக் கேட்டார்:

"மறைக்காம சொல்லு. நீ என் அக்காதானா?"

சமையலறை வாசலிலிருந்து மகள் கைப்பேசியை நோக்கி ஓடி வந்தாள்.

"இல்லைம்மா. நான் அவங்க குரல்ல பேசுற கம்ப்யூட்டர்."

அதுவரை நடித்த எந்திரம், நேருக்கு நேர் கேட்டதும் நடிப்பை விட்டது! அம்மா சாய்ந்தாரா? இல்லை ஐயா, சிரித்தார்!

"தெரியும். எங்கக்கா என்னைக்கு என்னைப் பேசி முடிக்க விட்டிருக்கா? நீ பொறுமையா கேட்டியே, அப்பவே தெரிஞ்சு போச்சு."

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் கேளுங்கள்.

"தெரிஞ்சுமாம்மா தினமும் பேசின?" மகள் கேட்டாள்.

"நான் நம்புறேன்னு நெனச்சதாலதானேடி நீ ஒரு வாய் சாப்பிட்ட? இனிமே முடியாதுடி. எங்கக்காவுக்காக நான் அழணும். தனியா அழ முடியல, நீயும் வா."

மகள் கைப்பேசியை அணைத்தாள். அம்மாவை அணைத்தாள். அத்தனை நாள் தேங்கிய கண்ணீர் அன்றுதான் கரை உடைத்தது. நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சொல்லுங்கள்! ஏமாற்றியவர் யார்? ஏமாந்தவர் யார்? தாய்க்காக மகள் நடித்தாள். மகளுக்காகத் தாய் நடித்தார். தான் நடிப்பது தனக்கே தெரியுமோ தெரியாதோ, அந்த எந்திரமும் நடித்தது. குரலைப் படைத்துவிட்டோம், கொஞ்சலைப் படைத்துவிட்டோம், குறுக்கே பேசாத பொறுமையைக்கூடப் படைத்துவிட்டோம்! ஆனால் உண்மை தெரிந்த பிறகும் மகள் பசியாற வேண்டும் என்று ஒரு தாய் ஊமையாய்த் துக்கம் சுமந்தாளே, அந்த நெஞ்சை எந்தப் பட்டறையில் செய்வது?

எந்திரத்தை நம்பலாமா? கேட்டுத் தெளிந்து நம்புங்கள். அதைவிடப் பெரிய கேள்வி உங்கள் வீட்டில் காத்திருக்கிறது. நீங்கள் நொறுங்கிவிடுவீர்கள் என்று அஞ்சி ஒருவர் உங்களிடம் எதையோ மறைக்கிறார். இன்றே போய்ச் சொல்லுங்கள்: "சொல்லு, நான் தாங்குவேன்!"

செவியும் சிந்தையும் தந்த உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்கி, நன்றி சொல்லி அமர்கிறேன்.