ஆம்பாரோ கடைசியா வரைஞ்ச முகங்கள்

இல்லம்மா, அந்த மேல் தட்டு பூரா வரலாறு. பூயெப்லா தேவாலயச் சுவரோவியம், ஸ்பானியர் காலத்துச் சிற்பம்னு தடித்தடியா. அதுல ஆம்பாரோவோட எழுத்துதான் இருக்கும், அவ கோடு ஒண்ணுகூட இருக்காது. படம் போட்டதெல்லாம் குழந்தைங்க புத்தகத்துக்கு, அது கீழ் தட்டு. நீயே குனிஞ்சு எடுத்துக்கோ, எனக்கு முட்டி மடங்காது.

நீயும் கேட்டுட்டியா. அவ படக் கண்காட்சிக்குன்னு யாரு வந்தாலும் இதேதான். எண்பத்தஞ்சுக்கு அப்புறம் உங்க மனைவி ஏன் வரையவே இல்லன்னு. ஒரு பேராசிரியர், படிப்பு முத்திப்போச்சு, படத்தை விட்டுட்டாங்கன்னு எழுதியே வச்சிட்டார். எழுதிட்டுப் போகட்டும் விடுன்னா ஆம்பாரோ. அவ இருந்த வரைக்கும் நானும் வாயத் திறக்கல.

உக்காரு. செம்பருத்தித் தண்ணி ஊத்தட்டுமா? சர்க்கரை கம்மிதான்.

அந்த எண்பத்தஞ்சாம் வருஷம் பூகம்பத்துல மெக்சிகோ நகரமே ஆடுச்சே, உங்கம்மா சொல்லியிருப்பாங்க. எங்க பொண்ணு நெரெய்தா அப்ப சிநேகிதிகூட ஒரு அடுக்குமாடியில தங்கிப் படிச்சிட்டிருந்தா. நாங்க போய்ச் சேர்றப்ப கட்டடம் கல்லும் கம்பியுமா கிடக்கு. ஜனங்க வாளி வாளியா கல்லைக் கைமாத்துறாங்க. திடீர்னு ஒருத்தர் கையைத் தூக்குவார், உள்ளருந்து சத்தம் வருதான்னு கேக்க. தெருவே மூச்சை அடக்கிக்கும்.

காணாமப் போனவங்க போட்டோ இருந்தா ஆஸ்பத்திரிகள்ல தேடலாம்னாங்க. எங்க வீடு தப்பிச்சிருந்துச்சு, நான் எடுத்துட்டு வரக் கிளம்பினேன். பஸ் இல்ல, நடைதான். மத்தவங்களுக்கு போட்டோவும் மண்ணுக்குள்ள போயிருந்துச்சு.

திரும்பி வந்தா, ஆம்பாரோ நடைபாதையில உக்காந்து வரைஞ்சிட்டிருக்கா. எதிர்ல ஒரு ரொட்டிக்கடைக்காரம்மா. என் மகனுக்குக் காது கொஞ்சம் முன்னால வளைஞ்சிருக்கும்மாங்குது. இப்படியாங்குறா இவ. இன்னும் கொஞ்சம், ஆங், அவனேதான். அந்தம்மா தன் கையப் பின்னாடி கட்டிக்கிச்சு, தொட்டா அழிஞ்சிடுமோன்னு. அது பின்னால ஒரே கூட்டம், எல்லாரும் தன் புள்ளைய, புருஷனைச் சொல்லச் சொல்ல, இவ போட்டுக்கிட்டே இருக்கா. விளக்குக் கம்பத்துல எல்லாம் அவ போட்ட முகம். அதை வச்சே ஒரு பெரியவரை ஆஸ்பத்திரியில கண்டுபிடிச்சாங்க.

நெரெய்தாவா? கிடைச்சா. உயிரோட இல்ல. அடையாளம் சொல்ல நான்தான் போனேன்.

இல்லல்ல, அவ போனதாலதான் விட்டான்னு எழுதிடாத. அது தெரியிறதுக்கு முன்னாடியே, அந்த நடைபாதையிலயே விட்டாச்சு. இந்தப் புத்தகத்துல எல்லாம் ஓடுற பொண்ணு யாருங்குற? எங்க நெரெய்தாதான். தொட்டில்ல தூங்குறப்பலருந்து பாத்துப் பாத்து வரைஞ்சது. ஆம்பாரோ கண்ணை மூடிக்கிட்டே போடுவா அவளை.

அன்னைக்கு நான் கம்பம் கம்பமா தேடிட்டு வந்து, நம்ம பொண்ணை எங்க ஒட்டியிருக்கன்னு கேட்டேன். காலடியில கசக்கிப் போட்டிருந்த காகிதத்தைக் காட்டினா. மொதல்ல அவளுக்காகத்தான் உக்காந்தேன், மூக்கு வருது, கண்ணு வருது, அவ மட்டும் வரமாட்டேங்குறா, அப்படின்னா.