ஐஸ்கிரீம் டப்பாவின் ரேகை

– என் கடையோட நல்ல பேருக்கு விலை நாற்பது லட்சம், மேடம். அதுவும் உங்களுக்காகக் குறைச்சுச் சொல்றேன். நீங்க என்னடான்னா சுகாதாரத் துறை லேப்ல ஒரு தாளை நீட்டி, அதை ஓசியில வாங்கிட்டுப் போகப் பார்க்கறீங்க.

– பேரம் பேச இது சந்தை இல்லை, முதலாளி. நீங்க கொடுத்த ஐஸ்கிரீம் டப்பாவுல கிருமி இருக்கு. சாயங்காலம் கடைக்குச் சீல்.

– கிருமி எங்கேதான் இல்லை? உங்க பேனாவுலகூட இருக்கும்.

– இருக்கும். ஆனா ஆஸ்பத்திரியில படுத்திருக்கற பன்னிரண்டு பேர் வயித்துல இருக்கறதும் உங்க டப்பாவுல இருக்கறதும் ஒரே கிருமி. மரபணு ரேகை எடுத்துட்டோம். இந்தாங்க, வரிவரியா.

– கிருமிக்கு ஏது கை, ரேகை பார்க்க? கொஞ்சம் தள்ளுங்க... அட, துணிக்கடை பார்டர் மாதிரியில்ல இருக்கு! ஓரத்துல இது மட்டும் ஏன் வேற டிசைன்?

– அது போன மாசம் வேற தெருவுல வந்த நோய். இனம் அதேதான், குடும்பம் வேற. மத்ததெல்லாம் ஒரே வயித்துப் பிள்ளைங்க.

– அப்போ என் கடையைப் பூட்டினா நோய் நின்னுடுமா?

– நிக்கணும். நாலு வயசுக் குழந்தை ஒண்ணு தீவிர சிகிச்சையில கிடக்கு.

– ... நிக்காது, மேடம்.

– ஏன்?

– அந்த டப்பா என் சரக்கு இல்லை. நீங்க வர்றீங்கன்னு தெரிஞ்சதும் எதிர்க்கடைக்கு ஆள் விட்டு வாங்கி, என் லேபிளை ஒட்டிக் கொடுத்தேன்.

– எதிர்க்கடைன்னா உங்க அண்ணன் கடை! அவரோட பேச்சே இல்லைன்னீங்களே?

– பேச்சுதான் இல்லை. சுத்தத்துல அவரை அடிச்சுக்க ஆள் இல்லைன்னு நம்பிக்கை இருந்தது. இந்த நேரம்கூட அங்கே வித்துக்கிட்டிருப்பார்.

– நல்லா இருக்கே! அவரும் அன்னைக்கே ஒரு டப்பா கொடுத்தார். கிருமியோட வாசனைகூட இல்லை. பழியை அண்ணன் தலையில கட்டறீங்களா?

– இருங்க, இருங்க. அவர் கொடுத்ததுல மேலே என்ன தூவியிருந்தது?

– முந்திரி. பொன்னிறமா வறுத்தது. எதுக்குக் கேக்கறீங்க?

– அவர் பச்சை முந்திரிதான் போடுவார். வறுக்கறவன் நான். அவரும் என் சரக்கை வாங்கித்தான் உங்களுக்குக் கொடுத்திருக்கார். முதல்ல போய் அந்தக் கடையைப் பூட்டுங்க மேடம், அப்புறம் கணக்கு எழுதலாம்: ஆளுக்கு ஒரு பொய், அது சரிக்குச் சரி, பன்னிரண்டு படுக்கை அண்ணன் பேர்ல பாக்கி.