உங்க பேர்ல எம்பட ரத்தம்

— அச்சடிச்சவன் உட்டுப்போட்டிருப்பான் அம்மணி. வேறென்ன இருக்கப் போகுது.

— அவன் உடலீங்ணா. நாந்தான் உங்க பேரு போட வேண்டாமுன்னு சொன்னேன்.

— தாய்மாமன் பேரில்லாம ஒரு கண்ணாலப் பத்திரிகையா? இந்தா பாரு ராசாத்தி, வெள்ளகோவில் பூரா இதே பேச்சு. மில்லுல வேலை செய்யற புள்ளைக வரைக்கும் கேக்குது, ‘ஏனுங்க மொதலாளி, தங்கச்சியூட்டுல சண்டையா’ன்னு. நான் என்னத்தச் சொல்றது? உம்பட மக லோகப்பிரியாவுக்கு முப்பத்தொரு தட்டுச் சீருக்குச் சொல்லி வெச்சாச்சு. பட்டு எடுத்தாச்சு. நான் வராம அந்தப் புள்ளைய ஆரு மணவறைக்குக் கூட்டிட்டுப் போவா?

— கையப் புடிக்காதீங்ணா. ரெண்டு ஊசி குத்தியிருக்குது. அசைஞ்சா மிசினு கத்தும்.

— ஐயோ சாமி. நான் பாக்கலே.

— பாத்திருக்க மாட்டீங்க. பதினொரு வருசத்துக்கு முன்னால நீங்களும் இதே மாதிரி மிசினோட கெடந்தீங்க. அப்ப நான் உங்க கால்மாட்டுல உக்காந்திருந்தேன். எந்தக் கையில ஊசி, எத்தன மணிக்கு எடுப்பாங்க, எல்லாம் எனக்கு அத்துபடி. நான் படுத்து எட்டு மாசமாச்சு. நீங்க இந்த வார்டுக்குள்ள வாரது இன்னிக்குத்தான் மொதோ தடவ. அதுவும் பத்திரிகைக்காக.

— உன்னைய இப்பிடிப் பாக்க மனசு தாங்கலே அம்மணி. அதான் வரலே. நீ குடுத்த கிட்னியிலதான் நான் நடமாடறேன். மறந்துபோட்டேன்னு நெனைக்கறயா? போற பக்கமெல்லாம் சொல்றேன், என்ற தங்கச்சி எனக்குத் தெய்வமுன்னு.

— தெய்வத்துக்கு ஆருங்ணா பிரசர் பாப்பாங்க?

— இப்பிடிப் பேசினா நான் என்ன பண்ணட்டும்? கோவத்த அக்கட்ட வெய்யி. இந்தா, வழியில எளநி ஒரு கொலை வாங்கியாந்தேன். சித்த வெட்டிக் குடிக்கறயா?

— சார், சார்! எளநியெல்லாம் டயாலிசிஸ்காரங்களுக்கு ஆகாதுங்க. உப்புச் சத்து ஏறி நெஞ்சே நின்னு போயிரும்.

— அவன் சொல்றது கேட்டுதுங்களா? இவன்தான் ஜெரோமு. வாரத்துல மூணு நாள் என்னைய இந்த மிசினுல மாட்டி எடுக்கறவன். கூடப் பொறந்த பொறப்பாட்டப் பாத்துக்கறான். கெணத்துக்கடவுல நாலு ஏக்கரா தென்னந்தோப்பு எனக்கு. மட்டை உழுகற சத்தங் கேக்கலாம், எளநி குடிக்கக் கூடாது. ஒரு நாளைக்கு அரை லிட்டரு தண்ணி. அதுலதான் மாத்திரையும் போடோணும், வாயும் நனைக்கோணும்.

— எனக்குத் தெரியாதே சாமி.

— உங்களுக்கு ஒண்ணுமே தெரியாதுங்ணா. ஆப்பரேசன் முடிஞ்சு என்னைய அனுப்பறப்ப, வருசத்துக்கு ஒருக்கா வந்து பாக்கோணுமுன்னு சீட்டுல எழுதிக் குடுத்தாங்களாமா. அந்தச் சீட்டு உங்க பைலுக்குள்ள போயி உக்காந்துக்கிச்சு. நீங்க வருசத்துக்கு நாலு தாட்டி கோயமுத்தூருக்குக் காரு எடுத்துட்டு வந்து பாத்துட்டுப் போனீங்க. எங்கூடு அங்கிருந்து முக்கா மணி நேரந்தான். நானும் வரட்டுங்களான்னு கேட்டா, ‘உனக்கென்ன அம்மணி, ஒத்தைக் கிட்னி போதும், ஒரு வாரத்துல எந்திரிச்சு மாடு கறப்பே, கல்லாட்ட இருக்கறே’ன்னீங்க.

— மாடுங் கறந்தயில்ல?

— கறந்தேனுங்ணா. கறந்தேன்.

— நீயும் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல. காலு வீங்குது, தலை சுத்துதுன்னு.

— தலை வலிச்சா மருந்துக்கடையில ஒரு மாத்திரை, இடுப்பு வலிச்சா இன்னொண்ணு. அப்பிடியே ஓட்டிப்போட்டேன். ஒத்தைக் கிட்னிக்காரி அந்த வலி மாத்திரையத் தொடவே கூடாதாமா. அது எனக்கு ஆரு சொன்னா?

— எனக்கு மட்டுந் தெரியுமா? நானென்ன டாக்டரா? உனக்கு இப்பிடி ஆகுதுன்னு தெரிஞ்சிருந்தா உட்டிருப்பனா?

— தெரியாதுங்களா?

— என்ற மக யுவஸ்ரீ மேல சத்தியமாத் தெரியாது.

— செரிங்ணா. ஜெரோமு, அந்தப் பச்சைப் பையில ஒரு காயிதம் இருக்குது. எடுத்துச் சித்த படி கண்ணு.

— இதுங்களாம்மா? இது உங்களுது இல்லீங்களே. திருமூர்த்தி, ஆண், நாப்பத்தொம்பது வயசுன்னு போட்டிருக்குது.

— அதுதான். படி.

— மூணு வருசத்துக்கு முன்னால எடுத்ததுங்க, தை மாசம். சுகரு நார்மல். கிரியாட்டினின் ரெண்டு புள்ளி ஆறு. இது ரொம்ப ஜாஸ்திங்கம்மா. ஒண்ணு, ஒண்ணே காலுக்குள்ள இருக்கோணும். ஒடனே கிட்னி டாக்டரைப் பாக்கவும்னு கீழ எழுதியிருக்காங்க. சார், அப்பவே போயிப் பாத்தீங்களா?

— நீ போயி வேற பெட்டப் பாருப்பா.

— அவன் இருக்கட்டுமுங்ணா. ஜெரோமு, இவிய கிட்னிக்கு ஒரு கொறையும் இல்ல. ஜம்முனு இருக்குது. பேருதான் இவியளுது. ரத்தம் எம்படது.

— ராசாத்தி…

— இன்சூரன்சு போடறதுக்கு டெஸ்டு வேணும். கிட்னி மாத்திரை தின்னு தின்னு உங்களுக்கு சுகரு எச்சாயிக் கெடந்துது. பொங்கலுக்கு வந்தவளக் காருல ஏத்தி, ‘வா அம்மணி, உனக்கும் ஒரு செக்கப் பண்ணிப்போடலாம்’னு லேபுக்குக் கூட்டிட்டுப் போனீங்க. உங்களுக்கு வேண்டப்பட்ட லேபு. காயிதத்த நீங்களே எழுதினீங்க. நான் கைய நீட்டினேன். எனக்கு எத்தன சந்தோசம் தெரியுங்களா? எட்டு வருசங் கழிச்சாவது அண்ணனுக்கு நெனப்பு வந்துதேன்னு ஊடு வார வரைக்கும் கண்ணுல தண்ணி. ரெண்டு நாள் கழிச்சு போன் பண்ணி என்ன சொன்னீங்க?

— உடு அம்மணி.

— என்ன சொன்னீங்ணா?

— எல்லா நார்மலுன்னு.

— ‘எல்லா நார்மல், எருமையாட்ட இருக்கறே’ன்னு சொல்லிச் சிரிச்சீங்க.

— பயந்துபோட்டேன். என்ற கிட்னியே உம்படதுதானே, உம்பட ரத்தம் சுத்தமா இருக்குமுன்னு நெனச்சுத்தான் குடுத்தேன். இப்பிடி வருமுன்னு ஆரு கண்டா? உங்கிட்டச் சொன்னா, எதுக்கு உங்க பேர்ல எடுத்தீங்கன்னு உங்கூட்டுக்காரரு கேப்பாரு. இன்சூரன்சுக்காரன் கேசு போடுவான். சித்த நாள் போகட்டும், அப்பறமாச் சொல்லிக்கலாமுன்னு…

— அடுத்த மாசமே சிவராத்திரித் தேருக்கு வந்தேன். இடுப்பு வலியில நிக்க முடியலே. நீங்களே மருந்துக்கடைக்குப் போயி ரெண்டு அட்டை வலி மாத்திரை வாங்கியாந்து எங்கையில குடுத்தீங்க. ரெண்டு புள்ளி ஆறுன்னு தெரிஞ்சுக்கிட்டே குடுத்தீங்க. அன்னிக்குச் சொல்லியிருந்தா, பிரசர் மாத்திரை போட்டுக்கிட்டு இன்னும் பத்து வருசம் ஓட்டியிருக்கலாமுன்னு டாக்டரு சொல்றாரு. பத்து வருசமுங்ணா.

— இந்தக் காயிதத்த உனக்கு ஆரு குடுத்தா?

— உங்க பைலு இருக்கற பீரோவ ஆரு தொறப்பா?

— யுவஸ்ரீயா?

— மருந்துப் படிப்பு படிக்க வெச்சீங்களே, வீண் போகலே. ஒரே பேரு, ஒரே வாரம், ரெண்டு ரிப்போர்ட்டு. ஒண்ணுல சுகரு எரநூத்தி எம்பது, இன்னொண்ணுல தொண்ணூறு. அவளுக்குப் புரியாதுங்களா? அப்பிடியே பஸ் ஏறிக் கெணத்துக்கடவுக்கு வந்து எம்பட மடியில உழுந்து அழுதா.

— சாமி, உங்காலுல உழுகறேன். பத்திரிகையில பேரு வேண்டாம். மன்னிச்சேன்னு ஒரு வார்த்த சொல்லு.

— எந்திரீங்ணா, சனம் பாக்குது. இன்னொரு சேதி இருக்குது, அதையுங் கேட்டுக்குங்க. லோகப்பிரியாவோட ரத்தம் எனக்குச் சேரலே, அவ அப்பன் வாகு. எங்கூட்டுக்காரருக்கோ சுகரு. யுவஸ்ரீக்குச் சேருது. அத்தைக்கு என்ற கிட்னியக் குடுக்கறேங்கறா.

— என்னது?

— ஒண்ணே ஒண்ணுதானுங்ணா.

— அவளுக்கு இருவத்தாறு வயசு! இன்னுங் கண்ணாலமே ஆகலே! நாளைக்கு வயித்துல ஒண்ணு தங்குனா பிரசர் ஏறுமாமே. வருசா வருசம் ரத்தம் பாக்கோணும், ஒண்ணுக்கு டெஸ்டு பண்ணோணும், ஒரு வலி மாத்திரை தின்னக் கூடாது. இன்னொரு ஊட்டுக்குப் போற புள்ள ராசாத்தி! அங்க அவளை ஆரு பாத்துக்குவா?

— அடேயப்பா. இத்தன தெரிஞ்சு வெச்சிருக்கறீங்களே. இப்பத்தானே, நானென்ன டாக்டரான்னு கேட்டீங்க.

— சார், அம்மாவுக்கு பிரசர் நூத்தி எம்பதுக்கு மேல போகுது. போதுமுங்க.

— ஒரு நிமிசம்ப்பா. அம்மணி, நான் என்ன பண்ணோணும்? சொல்லு, பண்றேன்.

— கண்ணாலத்துக்கு வாங்க. முப்பத்தொரு தட்டையும் எடுத்துட்டு வாங்க. தாய்மாமனைக் கூப்பிடறப்ப உங்க கையில மைக்கு குடுக்கச் சொல்றேன். இந்தக் காயிதத்தச் சனத்துக்கு முன்னால படிச்சு, ‘இது என்ற தங்கச்சி ரத்தம், தெரிஞ்சே மறைச்சவன் நான்’னு சொல்லிப்போட்டு அப்பறம் தட்ட எறக்குங்க. அன்னிக்குப் பொழுதோட யுவஸ்ரீகிட்ட வேண்டாமுன்னு சொல்லிர்றேன்.

— அத்தன சனத்துக்கு முன்னாலயா? சம்பந்திக இருப்பாங்க. மில்லு கூட்டாளிக இருப்பாங்க. அப்பறம் நான் ரோட்டுல தலை காட்ட முடியுமா?

— முடியாதுன்னா உடுங்க. எனக்கென்னங்ணா. உங்க புள்ளைக்கு ஒத்தைக் கிட்னி போதும். ஒரு வாரத்துல எந்திரிச்சு மாடு கறப்பா. கல்லாட்ட இருப்பா.

— வாரேன். வந்து சொல்றேன். சத்தியமாச் சொல்றேன்.

— சத்தியமெல்லாம் வேண்டாமுங்ணா. இப்பத்தான் புள்ள மேல ஒண்ணு பண்ணிப்போட்டீங்க. பாத்துப் போங்க. மாத்திரை நேரந் தவறீராதீங்க. அது எம்பட கிட்னி.

— போயிட்டாருங்கம்மா. லிப்டுக்குக் கூட நிக்காம படியில எறங்கறாரு.

— எளநிய எடுத்துட்டுப் போனானா?

— வெச்சுட்டுப் போயிட்டாருங்க. அம்மா, ஒண்ணு கேக்கட்டுங்களா? யுவஸ்ரீயோட கிட்னி எனக்கு ஜென்மத்துக்கும் வேண்டாமுன்னு போன வாரமே டாக்டருகிட்ட எழுதிக் குடுத்துட்டீங்களே. நாந்தானே சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்.

— குடுத்துட்டேன் கண்ணு. அந்தப் புள்ளையும் என்னையாட்ட இந்தக் கட்டிலுக்கு வரோணுமா?

— அப்பறம் எதுக்குங்கம்மா சாரைப் பயப்படுத்தறீங்க?

— மூணு வருசம் எல்லாந் தெரிஞ்சுக்கிட்டு நல்லாத் தூங்குனான். கண்ணாலத்துக்கு இன்னும் இருவத்தோரு நாள் இருக்குது. தூங்காம கெடக்கட்டும்.

— அவரு நேரா ஊட்டுக்குப் போயி மகளைக் கேப்பாருங்களே. அது உண்மையச் சொல்லிட்டா?

— சொல்ல மாட்டா. அவனை இப்பிடித்தான் கேக்கோணுமுன்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே அவதான்.