சும்மா நிற்காத வண்டி

– மச்சான், பொக்லைன் பக்கெட்டை எதுக்குக் காத்துல ஆட்டிக்கிட்டு இருக்கீங்க? மண்ணு கீழல்ல கிடக்கு?

– அள்ளி எங்க கொட்ட, மாப்ள? லாரி இன்னும் வரலை.

– மாப்ளயா? வேலை இடத்துல சார்னு கூப்பிடுங்கன்னு எத்தனை தடவை சொல்றது? இங்க நான் சுற்றுச்சூழல் அதிகாரி. உங்க தங்கச்சி புருஷன் இல்லை.

– சரிங்க சார். சார் சாப்பாட்டுத் தூக்கை வீட்டுல மறந்துட்டு வந்துட்டாராம், தங்கச்சி குடுத்து விட்டா. என் சீட்டுக்கு அடியில இருக்கு சார்.

– கிண்டலை விடுங்க. லாரி வரலைன்னா இன்ஜினை நிறுத்திட்டு உக்கார வேண்டியதுதானே?

– சொன்னா கேளுங்க சார். நீங்க மாட்டின பெட்டி என்ன பண்ணும்? இன்ஜின் ஓடி, வண்டியோட கை அசையலைன்னா, ‘சும்மா ஓடுது’ன்னு எழுதி வச்சிடும். அதான் ஆட்டுறேன்.

– நிறுத்தினாலும்தான் எழுதாது!

– வேணாம் சார். கைப்பழக்கம் விட்டுப் போயிடும்.

– எப்படியோ போங்க. டேட்டா என்ன சொல்லுதுன்னா, இருபத்தாறு நாள்ல உங்க வண்டி சும்மா ஓடினது ஒரு நிமிஷம் கூட இல்லை. பூஜ்யம்! முதலாளி அசந்துட்டார். ‘புகையைக் குறைத்த வண்டி’ன்னு இன்னைக்குக் கேடயம் உங்களுக்குத்தான்.

– எவ்வளவு டீசல் குடிச்சதுன்னு பெட்டி எழுதுமா சார்?

– டீசலை ஸ்டோர்காரங்க பாத்துக்குவாங்க. நம்ம துறை புகை.

– ஓகோ. புகை வேற எங்கிருந்தோ வருதா.

– மச்சான்!

– கீழ்க் குழியில வண்டி ஓட்டின டிரைவர் அண்ணனை ஏன் சார் வேலையை விட்டு அனுப்பினீங்க?

– அவர் வண்டி தினமும் பத்து நிமிஷம் சும்மா ஓடியிருக்கு. மாசாமாசம் அதிகமா சும்மா ஓடின ஒரு வண்டி வெளியே போகணும், ஓட்டுறவரோட சேர்த்து. விதி அப்படி. நான் என்ன பண்ண?

– காலையில இன்ஜின் சூடேறட்டும்னு ஓட விடுவாரு, அவ்வளவுதான். லாரி வரலைன்னா அணைச்சிட்டு நிழல்ல போய்ப் படுத்துடுவாரு. நான் ஒரு நாளைக்கு ஊத்துற டீசல்ல அவரு மூணு நாள் ஓட்டுவாரு. அவரையே துரத்திட்டீங்களே, என்னை விட்டு வைப்பீங்களா? இந்த சீட்டை விட்டா எனக்கு வேற தொழில் தெரியாது. அதான் இந்த ஆட்டம்.

– இதையெல்லாம் இன்னைக்குப் பேசாதீங்க. விழா நல்லபடியா முடிஞ்சா என் வேலை நிரந்தரம்.

– நான் எழுதிக் குடுத்த மூணு மனுவைப் பாத்தீங்களா? செல்ஃப் மோட்டார் மாத்தணும்னு?

– அது பசுமைச் செலவுல வராது. அந்தக் காசுலதான் வண்டிக்குப் பச்சைப் பெயின்ட் அடிச்சிருக்கோம். அழகா இல்லை?

– கண்ணு பட்டுடும் சார். ஆமா, இந்தப் பெட்டி ராத்திரியும் எழுதுமா?

– காலை எட்டுலருந்து சாயங்காலம் ஆறு வரைக்கும்தான். அதுக்கு மேல இங்க எவன் வேலை செய்யுறான்?

– அதானே. அதுவும் பாவம், தூங்க வேணாமா?

– அய்யோ, முதலாளி கார் வந்துடுச்சு! இன்ஜினை நிறுத்துங்க.

– வேணாம் மாப்ள. சொன்னா கேளுங்க.

– சார்!

– சார், ஒரு ஓரமா ஓடிக்கிட்டு இருக்கட்டும் சார். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

– அவர் மைக்ல பேசுறது ஒருத்தன் காதுலயும் விழாது. நிறுத்துங்கன்னா நிறுத்துங்க, உத்தரவு!

– நிறுத்திட்டேன். நீங்க சொல்லித்தான் நிறுத்தினேன். அதை மட்டும் மறந்துடாதீங்க.

– அருமை, அருமை! இதுதானா அந்த வண்டி? என்ன அதிகாரி, பச்சைப்பசேல்னு கிளி மாதிரி நிக்குது!

– வாங்கய்யா, வணக்கம். டேட்டா என்ன சொல்லுதுன்னா...

– டேட்டா கிடக்கட்டும். என்னப்பா ஓட்டுநரே, கேடயம் அப்புறம் வாங்கிக்கலாம். முதல்ல இந்த வண்டியாலயே ஒரு குழி தோண்டு, மரக்கன்னு நடணும். போட்டோக்காரர் காத்துக்கிட்டு இருக்கார். கிளப்பு.

– கிளம்பாதுங்கய்யா.

– அருமை... என்னது?

– செல்ஃப் மோட்டார் போயிடுச்சுங்க. போன மாசம் மெக்கானிக் சுத்தியலால தட்டித் தட்டி ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிக் குடுத்தாரு. இனிமே நிறுத்தினா எழுந்திருக்காதுன்னு சொல்லிட்டுப் போனாரு.

– அய்யா, மச்சான் ஏதோ பதட்டத்துல...

– நீங்க சும்மா இருங்க. ஏம்பா, போன மாசமே போயிடுச்சுன்னா, தினமும் காலையில எப்படிக் கிளப்பினே?

– கிளப்பவே இல்லைங்கய்யா. இருபத்தாறு நாளா, ராத்திரி பகலா, இப்போ மாப்ள உத்தரவு போடுற வரைக்கும், நான் நிறுத்தவே இல்லைங்க.