முனகாத குச்சி

ஆப்பிள் சாறு விட்டுப் பிசைந்த டோனட்டைச் சுட்ட அன்றே சாப்பிட்டுவிட வேண்டும், அதிகாரி திபோ. மறுநாள் அது படகின் ஓட்டையை அடைக்கத்தான் உதவும். எடுத்துக்கொள்ளுங்கள், காபியும் சூடாக இருக்கிறது.

எல்வின் ஸ்டாக் விஷயம் எனக்குத் தெரியும். செத்துப்போன லூன் பறவையின் வயிற்றில் காரீயத் தூண்டில் குண்டு இருந்தது. அதோடு சுற்றியிருந்த மஞ்சள் தூண்டில் நரம்பு எல்வினுடையது. திங்கட்கிழமை அவன் நீதிபதி முன்னால் நிற்கப் போகிறான். படகுத்துறையில் அவன் இடமும் பறிபோய்விட்டது. அதிலெல்லாம் நான் குறுக்கே வரவில்லை. ஆனால் உங்கள் அறிக்கையில் 'வீட்டில் வார்த்த கரடுமுரடான குண்டு' என்று ஒரு வரி இருக்கிறது. அந்தக் 'கரடுமுரடான' என்ற சொல் தவறு. அதைத் திருத்தத்தான் உங்களை வரச் சொன்னேன்.

லூனுக்குப் பல் கிடையாது. அது ஏரியின் அடியில் கூழாங்கல் பொறுக்கி விழுங்கும். வயிற்றில் ஒரு தசைப்பை இருக்கிறது; அந்தக் கற்களை வைத்து மீன் முள்ளை அங்கே அரைத்துக்கொள்ளும். அருமையான ஏற்பாடு. கூழாங்கல் என்று நினைத்தோ, தூண்டிலை அறுத்துக்கொண்டு ஓடிய மீனோடு சேர்த்தோ குண்டை விழுங்கினால், அதையும் அந்தக் கற்கள் அரைக்கும். காரீயம் மிருதுவானது, வயிற்றின் புளிப்பு நீரில் கரையும், ரத்தத்தில் ஏறும். இரண்டு மூன்று வாரத்தில் பறவை தலையை நிமிர்த்த முடியாமல் கரை ஒதுங்கும். ஆகவே நீங்கள் பார்த்த சொரசொரப்பு பறவை செய்த வேலை. வார்த்தவன் செய்த வேலை இல்லை.

நம் மாநிலத்தில் சின்னக் காரீயக் குண்டுகளை விற்கக் கூடாது, நன்னீரில் போடக் கூடாது என்று சட்டம் வந்தபோது அதற்காக முதலில் பேசியவன் நான்தான். ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். லூன் காப்புக் குழுவின் தலைவரும் நான்தான். என்னுடைய இந்தத் தூண்டில் கடையின் முகப்பில் நிற்கும் மரப்பெட்டி என் யோசனை. பழைய காரீயத்தைப் பெட்டியில் போடு, பறவைக்கு விஷமில்லாத வெள்ளீயக் குண்டு வாங்கிக்கொண்டு போ. யார் போட்டது என்று கேட்க மாட்டோம் என்று பெட்டியின் மேலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன். கூச்சப்படுகிறவர்கள் அப்படித்தான் வருவார்கள்.

வெள்ளீயத்தில் ஒரு தொந்தரவு. ஒரே அளவுக் குண்டில் அது காரீயத்தின் மூன்றில் இரண்டு பங்குகூட எடை இராது. அதே எடை வேண்டுமென்றால் குண்டு பருமனாகும், காற்றில் இழுபடும், தண்ணீரில் சோம்பேறித்தனமாக இறங்கும். முதல் கோடையில் வாடிக்கையாளர்கள் என்னைக் கிழித்துவிட்டார்கள். "ஏன் ஓரின், இது குண்டா, மிதப்பா?" என்பார்கள். நல்ல மனிதர்கள், வருஷம் முழுக்க உழைத்துவிட்டு இரண்டு வாரம் மீன் பிடிக்க வருகிறவர்கள். அவர்கள் முகம் வாடுவதைப் பார்க்க முடியவில்லை.

கொல்லைக் கொட்டகையிலோ பெட்டிக் காரீயம் சும்மா கிடந்தது.

வார்ப்பதில் சூட்சுமம் அச்சில்தான் இருக்கிறது. அச்சு குளிர்ந்திருந்தால் குண்டு சுருக்கம் விழும். ஆகவே அச்சை முதலில் சூடாக்கி, உட்புறத்தில் மெழுகுவர்த்திப் புகையைப் படிய விடுவேன். உலோகம் அதன்மேல் பட்டுபோல வழுக்கி ஓடும். காரீயம் காகிதத்தில் பென்சில்போலக் கோடு இழுக்கும். அது தெரியாமலிருக்க மேலே நகப்பூச்சு, நிறமில்லாதது. அவ்வளவுதான். மக்களுக்கு என் 'வெள்ளீயம்' மிகவும் பிடித்துப்போயிற்று.

அடுத்த கோடையில் ஒரு தாய்ப்பறவை செத்தது. அதற்குப் பிறகு எல்வின் கடைக்கு வந்தான். சட்டத்தை ஊரெல்லாம் கேலி செய்தவன். தொப்பிக்குள் ஒரு டப்பாவை மறைத்துக்கொண்டு வந்தான்.

"யோவ் ஓரின், சிரிக்காத. சிரிச்சா அப்படியே திரும்பிப் போயிடுவேன்."

"சிரிக்கலப்பா. பெட்டில போடு."

"அந்தப் பறவை குஞ்ச முதுகுல ஏத்திக்கிட்டு என் படகை ஒட்டித்தான் போகும். அது செத்ததுலேருந்து என் பொண்டாட்டி என்னோட பேசுறதில்ல. நான்தான் கொன்னேனாம்."

"நீதான் கொன்னியா?"

"தெரியலய்யா. அதான் வந்தேன்."

டப்பாவைப் பெட்டியில் கவிழ்த்தான். நான் அவன் உள்ளங்கையில் என் குண்டுகளில் ஒரு பிடி வைத்தேன். தூக்கிப் பார்த்தான்.

"வெள்ளீயம் லேசா இருக்கும்னாங்க. இது கல்லு மாதிரி கனக்குதே?"

"நல்ல வெள்ளீயம்."

"என்ன இருந்தாலும் உன் கை தனிதான்யா" என்றான். எல்வின் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வருவது அபூர்வம். அன்று முழுவதும் எனக்கு மனம் நிறைந்திருந்தது.

இரண்டாவது பறவை எல்வினுடைய மஞ்சள் நரம்போடு கரை ஒதுங்கியது. பள்ளிக்கூட மண்டபத்தில் ஊர்க்கூட்டம் கூட்டினார்கள். நீங்கள் பின்வரிசையில் இருந்தீர்கள். ஏரியில் பறவைகளைக் கணக்கெடுக்கும் வெர்னா அழுதுகொண்டே எழுந்தாள்.

"இன்னும் எத்தனை சாகணும் எல்வின்? நீ ஆசைதீர மீன் பிடிச்சு முடிக்கிற வரைக்குமா?"

"நான் எல்லாத்தையும் போன மாசமே ஓரின் பெட்டில போட்டுட்டேன் வெர்னா. சத்தியமா. யோவ், நீயே சொல்லுய்யா."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பெட்டியில் யார் எதைப் போட்டார்கள் என்று நாங்கள் பார்ப்பதில்லை என்றேன். அதுதான் விதி, நானே எழுதி ஒட்டியது. ஓர் ஆளுக்காக விதியை வளைத்தால் நாளைக்குப் பெட்டியை யார் நம்புவார்கள்? பிறகு அவனைப் படகுத்துறையிலிருந்து நீக்கக் கை தூக்கச் சொன்னார்கள். குழுத் தலைவர் என்ற முறையில் முதல் கை என்னுடையது.

அந்த வாரம் பெட்டி நிரம்பி வழிந்தது. அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். ஒரு பறவை செத்தால் ஊருக்கு மனசாட்சி உறுத்துகிறது, பெட்டி நிரம்புகிறது. பெட்டி நிரம்பினால் கொட்டகையில் அடுப்பு எரிகிறது. அடுப்பு எரிந்தால் கடைத் தட்டு நிரம்புகிறது. அந்தக் குண்டு ஏரிக்குப் போகிறது. எதுவும் வீணாவதில்லை. இவ்வளவு ஒழுங்காகச் சுற்றும் ஓர் ஏற்பாட்டை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. நான் திட்டமிட்டதில்லை, கவனித்தேன், அவ்வளவே.

கவனித்த பிறகு நிறுத்தினேனா என்று கேட்கிறீர்கள். பிறகு செத்த மூன்றாவது பறவைக்கான இரங்கல் உரையை எழுதிக்கொண்டிருந்தபோது கடையில் மூன்று பேர் காத்துக்கொண்டு நின்றார்கள். வெறும் கையோடு அனுப்ப முடியுமா?

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். மூன்று பறவைகளின் வயிற்றில் இருந்ததும் நான் வார்த்தது. எல்வின் தூண்டிலில் கட்டியதும் நான் கொடுத்தது. அவன் அதை வெள்ளீயம் என்றே நம்பினான். பறவைகளுக்கு நான் ஒரு தீங்கும் நினைத்ததில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நம்பாவிட்டால் சோதித்துப் பாருங்கள். ஒவ்வோர் உருக்கலிலும் மிஞ்சுவதை ஒரு குச்சியாக வார்த்து வைப்பது என் வழக்கம். முதலில் இந்தக் குச்சி, கம்பெனியிலிருந்து வந்த அசல் வெள்ளீயம். காதருகே வைத்து வளையுங்கள். கேட்டதா? வலிக்கிறதுபோல முனகும், வெள்ளீயத்தின் குணம் அது. இப்போது என்னுடையதை வளையுங்கள். இன்னும் கொஞ்சம். பார்த்தீர்களா, ஒரு சத்தம் இல்லை, ஒரு சுருக்கம் இல்லை.

இதையா கரடுமுரடு என்று எழுதினீர்கள்? எல்வினைப் பார்த்தால் அவனிடமும் சொல்லுங்கள். அவன் கையில் இருந்தது நல்ல சரக்கு.